ஆட்டத்தை அடக்கிய கேப்டன்

2012 ஏப்ரல் 29. மாட்ரிட் நகரத்தின் தொழிலாளர் பகுதியான வயெகாஸில், ராயோ வயெகானோ அணியை அதன் சொந்த மைதானத்திலேயே பார்சிலோனா புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியும்போது ஸ்கோர் 7-0. நடுவில் தியாகோ அல்கான்டரா ஒரு கோல் அடித்தார். அந்தச் சந்தோஷத்தில் அவரும் டானி ஆல்வஸும் எதிரெதிரே நின்று நடனமாட ஆரம்பித்தார்கள். பின்களத்திலிருந்து சுருட்டைமுடி பறக்க ஒருவர் அவர்களை நோக்கி ஓடிவந்தார். கட்டிப்பிடித்துக் கொண்டாட வருகிறார் என்றுதான் முதலில் தோன்றும். வந்தவர் இருவரையும் பிரித்து, 'போதும், போய் இடத்தில் நில்லுங்கள்' என்பதுபோல் விரட்டிவிட்டார். ஆடிய இருவரும் மறுபேச்சில்லாமல் கலைந்தார்கள்.

விரட்டியவர் கார்லஸ் புயோல், அணியின் கேப்டன். அந்த வாரம் பார்சிலோனாவுக்கு நல்ல வாரமே அல்ல. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் செல்சியிடம் தோற்று ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. இந்த சீசனோடு விலகுகிறேன் என்று பயிற்சியாளர் பெப் கார்டியோலா அறிவித்து இரண்டு நாள். லா லிகா கோப்பையும் ஏறக்குறைய கைநழுவி ரியல் மாட்ரிட் பக்கம் போய்விட்டது. எதிரே நின்ற ராயோவோ, இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்படாமல் தப்பிக்கப் போராடிக்கொண்டிருந்த சிறிய அணி. சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் அடிவாங்கிக்கொண்டிருப்பவர்களின் எதிரில் ஆடிக்காட்டுவது புயோலுக்குப் பொறுக்கவில்லை.

இன்னொரு வீடியோவும் ரசிகர்களிடையே பிரபலம். கேலரியிலிருந்து யாரோ எறிந்த லைட்டரை ஜெரார்ட் பிக்கே எடுத்து, நடுவரிடம் காட்டிப் புகார் சொல்லப் போவார். புயோல் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி வெளியே வீசிவிட்டு, ஆட்டத்தைப் பார் என்பார். டிஃபெண்டரின் வேலை எதிராளியைத் தடுப்பது. இந்த மனிதர் தன் அணிக்காரர்களையும் தடுத்தார். கொண்டாட்டம், புலம்பல், சண்டை, கவனச்சிதறல் என எது எல்லை மீறினாலும் குறுக்கே போய் நின்றார். உலகம் அந்த பார்சிலோனாவை மெஸ்ஸி, சாவி, இனியெஸ்டா ஆகியோரின் கால்வண்ணத்தால் நினைவுவைத்திருக்கிறது. அந்தக் கலைஞர்களுக்குப் பத்து வருடம் கேப்டனாக இருந்தவரைக் கலைஞர் என்று யாரும் சொன்னதில்லை. அவர் இல்லாமல் அந்த அணி அப்படி ஆடியிருக்க முடியாது என்பது என் கட்சி.

பிரெனீஸ் மலையடிவாரத்தில், கேட்டலோனியாவின் லெய்டா மாகாணத்தில் இருக்கிறது லா போப்லா தெ செகூர். மூவாயிரம் பேர் வசிக்கும் ஊர். லெய்டாவிலிருந்து வரும் ரயில் பாதை அங்கே முடிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் மலையில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் ஓட்டிச் சென்றவர்களின் ஊர் அது. 1978 ஏப்ரல் 13 அன்று புயோல் பிறந்ததும், பந்து உதைக்கத் தொடங்கியதும் அங்கேதான். சிறுவயதில் அவர் கோல்கீப்பர். தோள்பட்டையில் தொந்தரவு வந்ததால் அதை விட்டுவிட்டு முன்களத்துக்கு மாறினார். பார்சிலோனாவின் இளையோர் பயிற்சிப் பள்ளியான லா மாசியாவில் சேர்ந்தது 1995இல், பதினேழு வயதில். சின்னப் பையன்களாகச் சேர்த்து, பாஸ் கொடுப்பதை மூச்சுவிடுவதுபோலப் பழக்கும் இடம் அது. அங்கே பதினேழு வயது என்பது ரொம்பவே தாமதம். சேர்ந்த பிறகும் அவருக்கென்று ஓரிடம் அமையவில்லை. தடுப்பு நடுக்களத்தில் போட்டார்கள், பிறகு வலதுபுறப் பின்களத்துக்கு இறக்கினார்கள்.

1998இல் அவரை வாங்க மலாகா கிளப் முன்வந்தது, பார்சிலோனாவும் சம்மதித்துவிட்டது. புயோல் போக மறுத்தார். அவருடைய தோழரும் லா மாசியா மாணவருமான சாவி அந்த வருடம்தான் முதல் அணியில் அறிமுகமானார். அவன் ஆடும் இடத்தில் நானும் ஆட வேண்டும் என்ற பிடிவாதம். விற்கத் துணிந்த கிளப்பிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது இருபது வயதில் எல்லாருக்கும் வருகிற தைரியம் அல்ல. அடுத்த வருடம், 1999 அக்டோபர் 2 அன்று, வயாடோலிட் அணிக்கு எதிராக லூயி வான் கால் அவரைக் களமிறக்கினார். அந்த டச்சுப் பயிற்சியாளர் முதன்முதலில் புயோலைப் பார்த்தபோது, முடிவெட்டிக்கொள்ளக் காசில்லையா என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அந்த முடி கடைசிவரை அப்படியேதான் இருந்தது.

ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது 2000 அக்டோபரில். அந்த வருடக் கோடையில்தான் பார்சிலோனாவின் செல்லப்பிள்ளை லூயிஸ் ஃபிகோ, அன்றைய உலக சாதனைத் தொகைக்கு ரியல் மாட்ரிட்டுக்குப் போயிருந்தார். துரோகி என்று கேட்டலோனியாவே கொதித்துக்கொண்டிருந்தது. மாட்ரிட் சட்டையில் அவர் கேம்ப் நூ மைதானத்துக்குத் திரும்பி வந்த நாளில், காது கிழியும் விசில் சத்தத்துக்கு நடுவே, அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு இருபத்திரண்டு வயது புயோலிடம் தரப்பட்டது. ஃபிகோ உலகின் தலைசிறந்த விங்கர். புயோல் அவருடைய நிழலாகவே திரிந்தார். ஃபிகோ அன்று ஒன்றும் செய்ய முடியாமல் போக, பார்சிலோனா 2-0 என்று வென்றது. ஃபிகோவை நோக்கிப் பன்றித்தலை வீசப்பட்ட பிரசித்தமான சம்பவம் நடந்தது இந்த ஆட்டத்தில் அல்ல. அது இரண்டு வருடம் கழித்து.

அடுத்து வந்தவை வறட்சியான வருடங்கள். 1999 லீக் பட்டத்துக்குப் பிறகு 2005 வரை பார்சிலோனா ஒரு கோப்பையும் தொடவில்லை. செர்ரா ஃபெரர், ரெக்ஸாக், மறுபடியும் வான் கால், ஆன்டிச் என்று பயிற்சியாளர்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்திலிருந்து பார்சிலோனாக்காரர்கள் இன்றும் ஆசையாகச் சொல்லும் காட்சி ஒன்றே ஒன்று. 2002இல் லோகோமோட்டிவ் மாஸ்கோவுடன் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். கோல்கீப்பர் போனானோ இடத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்; கோல் வாய் திறந்து கிடக்கிறது. லோகோமோட்டிவ் வீரர் ஒபியோரா பந்தை ஓங்கி அடிக்க, கோட்டுக்கு முன்னால் நின்ற புயோல் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு நெஞ்சைக் கொடுத்தார். பந்து பட்டது சட்டையில் கிளப் சின்னம் இருக்கும் இடத்தில். சினிமாவில் வைத்தால் மிகை என்று சொல்லிவிடுவோம். கோப்பை எதுவும் இல்லாத காலத்தில் ரசிகர்களுக்கு அதுவே கோப்பையாக இருந்தது.

2004இல் லூயிஸ் என்ரிக்கே ஓய்வுபெற, கேட்டலன் கொடியின் மஞ்சளும் சிவப்புமான கோடுகள் போட்ட கேப்டன் பட்டை புயோலின் கைக்கு வந்தது. ஃபிராங்க் ரைகார்டின் பயிற்சியில் ரொனால்டினோ விஸ்வரூபம் எடுத்த காலம் அது. அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்கள். 2006 மே 17 அன்று பாரிஸில் ஆர்செனலை 2-1 என்று வீழ்த்தி சாம்பியன்ஸ் லீக். அதே வருடம் நவம்பரில் புயோலின் அப்பா ஊரில் பண்ணை வேலையின்போது விபத்தில் இறந்துபோனார். அதன் பிறகான இரண்டு சீசன்களில் அணியும் சரியத் தொடங்கியது. நட்சத்திரங்கள் பயிற்சிக்குச் சரியாக வருவதில்லை என்று பத்திரிகைகள் எழுதின. கேப்டனுக்கும் அதில் பங்கு உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். பின்னால் ஆல்வஸையும் தியாகோவையும் அதட்டிக் கலைத்த அதே மனிதரால் ரொனால்டினோவின் இரவுகளைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

சரிவின் அடிமட்டம் 2008 மே 7. ரியல் மாட்ரிட் அதற்குள் சாம்பியனாகிவிட்டது. ஸ்பெயின் வழக்கப்படி, பார்சிலோனா வீரர்கள் பெர்னபேயூ மைதானத்தில் இரண்டு வரிசையாக நின்று, நடுவே நடந்துவரும் எதிரிகளுக்குக் கைதட்ட வேண்டியிருந்தது. கைதட்டி முடித்து, ஆடி, 4-1 என்று தோற்றும் போனார்கள். அதன் பிறகுதான் கார்டியோலா பயிற்சியாளராக வந்தார். ரொனால்டினோவும் டெகோவும் வெளியே அனுப்பப்பட்டார்கள்.

ஒரு வருடம் நிறைய ஐந்து நாள் இருந்தபோது, 2009 மே 2 அன்று, அதே பெர்னபேயூ. ஹிகுவாயின் அடித்து மாட்ரிட் முன்னிலை பெற்றது. பார்சிலோனாவின் ஆன்றி சமன்செய்தார். இருபதாவது நிமிடத்தில் சாவி ஃப்ரீ கிக் எடுக்க, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து தலையால் முட்டி உள்ளே தள்ளினார் புயோல். கையிலிருந்த பட்டையைக் கழற்றி, கேட்டலன் கோடுகளை மாட்ரிட்டின் நடுமைதானத்தில் முத்தமிட்டார். அடுத்தவர் கொண்டாட்டத்தை அடக்கும் மனிதர் அன்று மட்டும் தன்னை அடக்கிக்கொள்ளவில்லை. முடிவு 6-2. கடைசி கோல் பிக்கேயுடையது. அந்த நாளில் இரண்டு மையப் பின்கள வீரர்களுமே கோல் அடித்திருந்தார்கள். அந்த சீசனில் லீக், ஸ்பானிய மன்னர் கோப்பை, சாம்பியன்ஸ் லீக். வருடம் முடிவதற்குள் இன்னும் மூன்று. ஒரே ஆண்டில் ஆறு கோப்பைகள். ரோமில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் ஆல்வஸுக்குத் தடை. புயோல் மறுபடி தன் பழைய வலதுபுறத்துக்குப் போனார். மான்செஸ்டர் யுனைடெட் 2-0 என்று தோற்றது.

பிக்கேயும் புயோலும் ஜோடி சேர்ந்ததைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. பிக்கே உயரம், அழகு, பார்சிலோனா நகரத்து வசதியான குடும்பத்துப் பிள்ளை. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் நடப்பார். 2008இல் மான்செஸ்டரிலிருந்து ஐம்பது லட்சம் யூரோவுக்குத் திரும்ப வாங்கப்பட்டவர். புயோல் ஐந்தடி பத்து அங்குலம், மலைக்கிராமம், ஓயாத ஓட்டம். மூன்று கோல் முன்னிலையில் இருக்கும்போதுகூட, பந்து நின்றிருக்கும்போதுகூட, 'ஜெரி! கவனம்!' என்று காதருகே கத்திக்கொண்டே இருப்பார் என பிக்கே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். பார்சிலோனா ஆடிய விதத்தில் அந்தக் கத்தலுக்கு வேலை இருந்தது. அணி மொத்தமும் எதிரணியின் பாதிக்குள் ஏறி நிற்கும். பின்னால் ஐம்பது மீட்டர் வெட்டவெளி. எண்பத்தைந்து நிமிடம் ஒரு வேலையும் இருக்காது. மீதி நேரத்தில் ஒரே ஒரு நீண்ட பந்து வரும், அதற்குத் தயாராக இல்லாவிட்டால் கோல். சும்மா நிற்கும்போது விழிப்பாக இருப்பதுதான் அங்கே டிஃபெண்டரின் தொழில். வேகமும் துணிச்சலும் அதற்குப் பிறகு.

இனி தென்னாப்பிரிக்கா. 2010 உலகக் கோப்பையில் ஸ்பெயினின் முதல் ஆட்டம் டர்பனில், ஜூன் 16 அன்று சுவிட்சர்லாந்துடன். ஐரோப்பிய சாம்பியன்கள் 1-0 என்று தோற்றார்கள். கால் இறுதிவரை தட்டுத்தடுமாறி வந்தவர்களுக்கு அரையிறுதி மறுபடி அதே டர்பன் மைதானத்தில், ஜூலை 7 அன்று. எதிரே ஜெர்மனி. இங்கிலாந்துக்கு நான்கு, அர்ஜென்டினாவுக்கு நான்கு என்று அடித்து நொறுக்கிவிட்டு வந்திருந்த இளம் அணி. மஞ்சள் அட்டைகளால் தாமஸ் முல்லர் ஆட முடியாமல் போனது ஸ்பெயினுக்கு அதிர்ஷ்டம். ஓபர்ஹவுஸன் மீன்காட்சியகத்து பால் என்ற ஆக்டோபஸ் ஸ்பெயின்தான் ஜெயிக்கும் என்று ஏற்கெனவே 'ஆரூடம்' சொல்லிவிட்டது. நம் ஊரில் நள்ளிரவு பன்னிரண்டுக்கு ஆட்டம் ஆரம்பித்தது. ஸ்பெயின் பாஸ் பாஸாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது. பந்து அவர்களிடம், கோல் மட்டும் வரவில்லை. டிவி முன்னால் கண் சொருகத் தொடங்கும் மணி ஒன்றரை.

எழுபத்து மூன்றாவது நிமிடம், கார்னர். சாவி பந்தை வைக்கிறார். ஸ்பெயின் உயரம் குறைந்த அணி. ஜெர்மனியின் பெட்டிக்குள் மரம்போல் நின்றவர்களின் தலைக்கு மேல் கார்னரில் கோல் அடிப்பார்கள் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. ஆனால் பார்சிலோனாவில் சாவியும் புயோலும் பிக்கேயும் சேர்ந்து பழகி வைத்திருந்த ஏற்பாடு ஒன்று இருந்தது. புயோல் பெட்டிக்குள் நிற்கமாட்டார். வெளியே, யாருக்கும் பொருட்டில்லாத தூரத்தில் நிற்பார். சாவி காலைத் தூக்கும்போது ஓட்டம் எடுப்பார். பிக்கேயும் அதே பகுதிக்குள் புகுந்து காவல்காரர்களைக் குழப்புவார். நின்ற இடத்தில் குதிப்பவனைவிட ஓடிவந்து குதிப்பவன் உயரம் போவான் என்பதுதான் இதன் சூட்சுமம் முழுவதும். அன்றைக்கு பிக்கேயும் அதே பந்துக்கு எழும்பினார்; அவருடைய தலைக்கும் மேலே புயோல் இருந்தார். நெற்றியில் பட்ட பந்தை மனுவேல் நோயர் பார்க்கத்தான் முடிந்தது. காலால் நூற்றுக்கணக்கான பாஸ் கொடுத்த அணியை உலகக் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனது ஒரு தலைமுட்டல்.

ஸ்பெயினுக்காக அவர் ஆடிய நூறு ஆட்டங்களில் மொத்தம் மூன்றே கோல். அவற்றில் ஒன்று இது. ஆட்டம் முடிந்து ராணி சோஃபியா வாழ்த்துச் சொல்ல உடைமாற்றும் அறைக்கே வந்துவிட, கோல் அடித்த வீரர் இடுப்பில் துண்டோடு வெளியே வந்து நின்றார். ராணியிடம் கைகுலுக்கிவிட்டு உள்ளே ஓடிய அந்தக் காட்சிக்கும் ஸ்பெயினில் ரசிகர்கள் உண்டு.

இறுதிப்போட்டியைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் இனியெஸ்டாவின் 116ஆவது நிமிட கோலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஜூலை 11 அன்று ஜோகன்னஸ்பர்கில் புயோல் நெதர்லாந்துக்கு எதிராகப் பதினாறாவது நிமிடத்திலேயே மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார். எண்பதாவது நிமிடம் தாண்டிச் சற்று நேரத்தில் ஆர்யென் ராபன் பந்தோடு அவரைத் தாண்டி ஓட, புயோல் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். ராபன் விழவில்லை, தொடர்ந்து ஓடினார், ஸ்பெயின் கோல்கீப்பர் கசியாஸ் முன்னால் வந்து பந்தைப் பற்றிக்கொண்டார். நடுவர் ஹோவர்ட் வெப் விசில் ஊதவில்லை. கொதித்துப்போய் முறையிட்ட ராபனுக்குத்தான் மஞ்சள் அட்டை கிடைத்தது. ராபன் விழுந்திருந்தால் புயோல் இரண்டாவது மஞ்சளோடு வெளியேறியிருப்பார், உலகக் கோப்பை எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியாது. அவர் அதிர்ஷ்டசாலியும்தான். அந்தத் தொடர் முழுவதிலும் ஸ்பெயின் வாங்கிய கோல்கள் இரண்டு. நாக் அவுட் சுற்று நான்கு ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை. சாம்பியனான அணி அடித்தவை வெறும் எட்டு. அது பின்களம் வாங்கிக்கொடுத்த கோப்பை என்று சொன்னால் கலைப்பிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

2011 மே 28 அன்று வெம்ப்ளியில் இன்னொரு சாம்பியன்ஸ் லீக் இறுதி. முழங்கால் தொல்லையிலிருந்து மீண்டுகொண்டிருந்த புயோல், கடைசி இரண்டு நிமிடம் ஆல்வஸுக்குப் பதிலாக இறங்கினார். மான்செஸ்டர் யுனைடெட் 3-1 என்று தோற்றது. கோப்பை வாங்கப் படியேறும்போது கேப்டன் பட்டையைக் கழற்றி எரிக் அபிடாலின் கையில் மாட்டினார். அபிடாலுக்குக் கல்லீரலில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டு அறுவைசிகிச்சை நடந்தது அந்த மார்ச்சில்தான். இரண்டே மாதத்தில் திரும்பி வந்து இறுதிப்போட்டி முழுவதும் ஆடியவர், கோப்பையை முதலில் தூக்கினார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடையில் புயோல் இரண்டாவது ஆளாக நின்றார்.

அப்படி ஆடிய உடம்பு எத்தனை காலம் தாங்கும்? 2012 ஐரோப்பியக் கோப்பையை முழங்கால் பறித்துக்கொண்டது. அந்த ஆகஸ்டில் கன்ன எலும்பு முறிந்தது. அக்டோபர் 2 அன்று லிஸ்பனில் பென்ஃபிகாவுடன் ஆடும்போது கார்னருக்குக் குதித்து இறங்கியதில் இடது முழங்கை மூட்டு நழுவி, கை திசை மாறித் தொங்கியது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 2013 பிப்ரவரியில் தோஹாவில் உருகுவேயுடன் நூறாவது சர்வதேச ஆட்டம், அதுவே கடைசியும். 2014 மார்ச் 2 அன்று அல்மேரியாவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையாளர்களை அழைத்து, இரண்டு அறுவைசிகிச்சைகளுக்குப் பிறகு தேவைப்படும் தரத்தை எட்ட முடியவில்லை, இந்த சீசனோடு கிளப்பை விட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது.

பிரிவுபசாரம் மே 15 அன்று. பார்சிலோனாவுக்கு 593 ஆட்டங்கள், ஆறு லீக் பட்டங்கள், மூன்று சாம்பியன்ஸ் லீக். இரண்டு நாள் கழித்து கேம்ப் நூவில் லீகின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பட்டம் பார்சிலோனாவுக்கு, டிரா ஆனால் அட்லெடிகோ மாட்ரிட்டுக்கு. அட்லெடிகோவின் கார்னர் ஒன்றுக்கு டியகோ கோடின் என்ற டிஃபெண்டர் எழும்பித் தலையால் முட்டினார். 1-1. புயோலின் பாணியிலான கோல் ஒன்றால், புயோல் விடைபெற்ற வாரத்திலேயே பட்டம் போனது. ஜூலையில் மரக்கானா மைதானத்துக்கு உலகக் கோப்பையைக் கொண்டுவந்து வைக்கும் கௌரவம், மாடல் அழகி ஜிசேல் புன்ட்ஷனோடு அவருக்குக் கிடைத்தது. அன்று கோப்பையை வென்றது ஜெர்மனி.

அலுவலக நாற்காலி அவருக்கு ஒத்துவரவில்லை. விளையாட்டு இயக்குநர் சுபிசரெட்டாவுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். 2015 ஜனவரியில் சுபிசரெட்டாவை கிளப் நீக்கியதும் இவரும் விலகினார். களத்தில் அவர் அணிந்த ஐந்தாம் எண் சட்டை அணித்தோழர் புஸ்கெட்ஸிடம் போனது. புயோலைக் குறைசொல்ல வேண்டிய ஒரு தருணமும் பின்னால் வந்தது: 2022 அக்டோபரில் ஓரினச்சேர்க்கை பற்றி கசியாஸின் பக்கத்தில் வந்த பதிவுக்கு இவர் போட்ட கேலிப் பதில் பலரைப் புண்படுத்தியது. அசட்டுத்தனமான ஜோக் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

அவர் விட்டுப்போன இடம் எவ்வளவு பெரியது என்பது 2019 மே 7 அன்று லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் தெரிந்தது. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பெற்ற 3-0 முன்னிலையோடு போன பார்சிலோனா, அங்கே மூன்றையும் பறிகொடுத்திருந்தது. எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் லிவர்பூலுக்கு ஒரு கார்னர். அலெக்சாண்டர்-ஆர்னால்ட் பந்தை வைத்துவிட்டு நகர்வதுபோல் போக்குக்காட்டி, சட்டென்று திரும்பி உதைத்தார். பார்சிலோனா டிஃபெண்டர்கள் பந்தைப் பார்க்கவே இல்லை. தங்களுக்குள் இடம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரிகி தனியாக நின்று நான்காவது கோலை அடித்தார். பிக்கே அங்கேதான் இருந்தார். ஜெரி என்று கத்த ஆளில்லை. நான்கு மாதம் கழித்து, கிளப்பின் கால்பந்து நிர்வாகத்தில் முக்கியப் பொறுப்புக்கு வரும்படி புயோலை அழைத்தார்கள். சில நாள் யோசித்தார். தனக்கு வேறு வேலைகள் இருப்பதாகச் சொல்லி, வரவில்லை என்றுவிட்டார்.